ஏட்டையா கையில் வழக்கின் தலையெழுத்து

2024 பிப்ரவரி 25. அதிகாலை ஒரு மணி வாக்கில், கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றிக்கொண்டு இறங்கிய லாரி ஒன்று புளியறை எஸ் வளைவில் நிலைதடுமாறி, கீழே ஓடும் ரயில் தண்டவாளத்தில் விழுந்தது. ஓட்டுநர் இறந்துபோனார். சத்தம் கேட்டு எழுந்து வந்த முதிய தம்பதி தண்டவாளத்தில் ஓடி, டார்ச் வெளிச்சம் காட்டி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். தமிழ்நாடு அவர்களைக் கொண்டாடியது. முதலமைச்சர் 5 லட்சம் ரூபாய் வெகுமதி அறிவித்தார். கொண்டாட வேண்டிய காரியம்தான்.

இப்படி ஒரு விபத்து நடந்த இடத்தில் சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது. அதைச் செய்ய முதலில் வந்து நிற்பவர் இன்ஸ்பெக்டர் இல்லை. ராத்திரி ரோந்துக் காவலரோ, சோதனைச் சாவடியில் டூட்டி பார்க்கும் ஏட்டோதான். ரயில் பாதை அடைபட்டுக் கிடக்கும். சாலையில் இரண்டு மாநிலத்து வண்டிகளும் வரிசை கட்டி நிற்கும். 'கிரேன் எப்ப சார் வரும்?' என்று எல்லோரும் அவரையே கேட்பார்கள். கிரேன் வருவதற்குள் அவர் பார்த்துவிட வேண்டியவை பல: டயர் தேய்ந்த தடம் சாலையில் எங்கே தொடங்குகிறது, தடுப்புச் சுவர் எவ்வளவு நீளத்துக்கு உடைந்திருக்கிறது, கியர் எதில் கிடக்கிறது, உடல் எந்தப் பக்கம், கூட கிளீனர் இருந்தாரா, அடியில் சிக்கியிருக்கிறாரா. லாரியைத் தூக்கிய பிறகு இவற்றில் ஒன்றும் மிஞ்சாது. அவர் படம் எடுத்து, அளந்து, தாளில் எழுதியது மட்டும் மிஞ்சும். சில வருஷம் கழித்து, இப்படி இறந்த ஓர் ஓட்டுநரின் மனைவி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நிற்கும்போது, இன்சூரன்ஸ் வக்கீல் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் அந்தத் தாளில்தான் இருந்தாக வேண்டும்.

விபத்துக்குச் சொன்னது கொலைக்கும் திருட்டுக்கும் இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஒரு வழக்கு நிற்குமா விழுமா என்பது பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில், போலீஸ் துறையின் கடைசிப் படியில் நிற்பவர் கையில் முடிவாகிவிடுகிறது. டி.எஸ்.பி. வருகிறார், மோப்பநாய் வருகிறது, கைரேகை நிபுணர் வருகிறார். எல்லோரும் வருவது அவர் காப்பாற்றி வைத்த இடத்துக்கு, அல்லது அவர் கண் முன்னே ஊர் மிதித்துக் கலைத்த இடத்துக்கு. அந்தக் காவலருக்குப் புலன்விசாரணையின் அரிச்சுவடியையாவது யாரேனும் முறையாகச் சொல்லிக் கொடுத்தார்களா? இந்தக் கட்டுரை கேட்பது அவ்வளவுதான்.

புளியறையை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744-ம் எண் தேசிய நெடுஞ்சாலை தமிழ்நாட்டை விட்டு மலையேறும் இடம் இது. வளைவுகளைத் தாண்டினால் ஆரியங்காவு. செங்கோட்டையும் இந்தப் பக்கத்து ஊர்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தவை. இன்றைக்கும் கல்யாணமும் கடன்காரரும் மலைக்கு இரண்டு பக்கமும் உண்டு. ரேஷன் அரிசி இந்த வழியாகப் போகும். எம்-சாண்டும் ஜல்லியும் போகும். கஞ்சா போகவும் செய்யும், வரவும் செய்யும். 2019-ல் தென்காசி தனி மாவட்டமான பிறகு எஸ்.பி. ஆபீஸ் பக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனாலும் வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இருப்பது திருநெல்வேலியில். தென்காசியைத் தாண்டி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அங்கிருந்து ஆள் வந்து சேரும்வரை சம்பவ இடம் ஒரு பி.சி.யின் பொறுப்பு.

அந்த பி.சி. கற்றது என்ன? தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்கிறவருக்கு ஏறத்தாழ ஏழு மாதப் பயிற்சி. கவாத்து, ஆயுதம், கலவரத் தடுப்பு, கொஞ்சம் சட்டம். எஸ்.ஐ.யாக நேரடியாகத் தேர்வாகிறவருக்கு ஊனமாஞ்சேரி அகாடமியில் ஒரு வருஷம் கிடைக்கிறது. புலன்விசாரணைக்கென்றே மத்திய அரசு 1957-ல் கல்கத்தாவிலும் 1964-ல் ஹைதராபாத்திலும் துப்பறியும் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கியது. அங்கே போவது பெரும்பாலும் எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர்கள். காவலருக்கு அந்த ஏழு மாதத்தோடு படிப்பு முடிந்தது. பிறகு பாரா, பந்தோபஸ்து, சம்மன், மறுபடி பந்தோபஸ்து. பத்து வருஷத்தில் முதல்நிலைக் காவலர், அப்புறம் ஏட்டு, சர்வீஸ் கால் நூற்றாண்டை நெருங்கும்போது எஸ்.எஸ்.ஐ. தோளில் நட்சத்திரம் ஏறியதும் சிறிய வழக்குகளின் கோப்பு கைக்கு வருகிறது. அதை எழுதத் தெரிந்திருந்தால், அது எப்போதோ ஒரு ஸ்டேஷன் ரைட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகியதாக இருக்கும். அந்த ரைட்டர் யாரைப் பார்த்துப் பழகினாரோ, அவருடைய பிழைகளும் பத்திரமாகக் கைமாறி வந்திருக்கும்.

மழையில் கரையும் தடயம்

ஆனியிலும் ஆடியிலும் இந்தப் பக்கம் சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருக்கும். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சுகம். சம்பவ இடத்துக்கு அது எமன். தோப்பு ஓரத்தில் ஓர் உடல் கிடக்கிறது, பக்கத்து ஈரமண்ணில் ஒரு செருப்புத் தடம் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். காவலர் ஒரு பிளாஸ்டிக் வாளியை அதன் மேல் கவிழ்த்து வைத்தால் போதும், தடம் பிழைக்கும். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து நேர் மேலிருந்து படம் எடுத்தால் இன்னும் நல்லது. நிபுணர் வந்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்செடுக்க வழி இருக்கும். வாளிக்குச் செலவு நூறு ரூபாய் ஆகாது. இதைச் சொல்லிக் கொடுக்க அரை மணி நேரம்கூட வேண்டாம்.

ரத்தக்கறை படிந்த சட்டை கிடைக்கிறது. கைக்கு எட்டுவது கடைக்காரர் கொடுக்கும் பாலித்தீன் பை. சட்டையைச் சுருட்டி அதில் போட்டுக் கட்டி, ஸ்டேஷன் அலமாரியில் வைத்தாயிற்று. ஈரத்தோடு பையில் புழுங்கிய துணி பூஞ்சை பிடிக்கும். ரத்தத்தில் இருக்கும் டி.என்.ஏ. சிதையத் தொடங்கும். செய்ய வேண்டியது, நிழலில் காற்றாட உலர்த்தி, சுத்தமான காகிதத்தில் மடித்து, காகித உறையில் இட்டு முத்திரை வைப்பது. இரண்டு பேர் சட்டை இருந்தால் இரண்டு உறை. ஒன்றோடு ஒன்று ஒட்டவே கூடாது. பூட்டிய அறையில் கத்தி கிடந்தால் கையால் தூக்கிப் பார்க்காமல் இருப்பது, கூட்டத்தை விலக்கும்போது உள்ளே போகவும் வரவும் ஒரே பாதையை ஒதுக்கி வைப்பது, யார் யார் உள்ளே வந்தார்கள் என்று நேரத்தோடு பாக்கெட் நோட்டில் குறித்து வைப்பது என்று இந்தப் பட்டியலில் கடினமான விஷயம் ஒன்றுகூட இல்லை. உள்ளே வந்தவர்களில் பெரிய அதிகாரிகள் பெயரையும் எழுத வேண்டும் என்பதுதான் கடினம். எந்தக் காவலர், 'ஐயா, நீங்க அந்தப் பக்கமா வாங்க, இதுல மிதிச்சிடாதீங்க' என்று சொல்லிவிட முடியும்?

அடுத்தது கேமரா. செங்கோட்டையிலிருந்து புளியறை வரை டீக்கடை, பெட்ரோல் பங்க், மரக்கடை என்று எங்கும் சி.சி.டி.வி. உண்டு. பல கடைகளில் பதினைந்து நாளிலோ ஒரு மாதத்திலோ பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். 'அப்புறம் வந்து வாங்கிக்கறேன்' என்று போன காவலர் அப்புறம் வரும்போது பதிவு இருக்காது. இருந்தாலும் டி.வி.ஆர். பெட்டியின் கடிகாரம் பன்னிரண்டு நிமிஷம் முந்தியோ பிந்தியோ ஓடும். பதிவை எடுக்கும்போதே தன் செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதி வைக்காவிட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பன்னிரண்டு நிமிஷத்திலேயே தன் கட்சிக்காரரை ஊர் தாண்டவைத்துவிடுவார். மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது, 2020-ல் உறுதிப்படுத்தியது. இப்போதைய சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவு அந்தச் சான்றிதழை இரண்டு பகுதியாகக் கேட்கிறது. கோப்பின் 'ஹாஷ்' மதிப்பையும் அதில் எழுதச் சொல்கிறது. டீக்கடைக்காரரிடம் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு வந்த காலம் முடிந்துவிட்டது.

சோதனைச் சாவடிக்கு வருவோம். பஸ்ஸில் ஒரு பையிலிருந்து கஞ்சா வாடை வருகிறது. ஆர்வத்தில் காவலரே பையைப் பிரித்து எடை போட்டுப் பொட்டலமும் கட்டிவிட்டால், வழக்கின் இடுப்பை அவரே ஒடித்துவிட்டார் என்று பொருள். போதைப்பொருள் சட்டம் சோதனை போடும் அதிகாரத்தைக் காவலர் பதவிக்கு மேலே உள்ளவர்களுக்குத்தான் தந்திருக்கிறது. ஆளின் உடம்பைத் தடவிச் சோதிப்பதென்றால், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதிக்கக் கேட்கும் உரிமை உனக்கு உண்டு என்று 50-வது பிரிவின்படி முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். கையிலிருக்கும் பைக்கு அது தேவையில்லை. மாதிரி எடுப்பது மாஜிஸ்திரேட் முன்னிலையில் நடக்க வேண்டும். இருபது கிலோவுக்கு மேல் பிடிபட்டால் வணிக அளவு, பத்து வருஷத்துக்குக் குறையாத தண்டனை. தண்டனை அவ்வளவு கடுமை என்பதாலேயே நீதிமன்றம் ஒவ்வொரு படியையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறது. காவலர் செய்ய வேண்டியது ஆளையும் பையையும் பிரிக்காமல் நிறுத்தி வைப்பது, நேரத்தைக் குறிப்பது, எஸ்.ஐ.க்குத் தகவல் சொல்வது. சும்மா இருப்பதும் ஒரு பயிற்சிதான்.

வெளியே தெரியாத இன்னும் இரண்டு வேலைகள் கடைநிலைக் காவலர் தலையில் விழுகின்றன. கொலை வழக்குப் பதிவானதும் எஃப்.ஐ.ஆர். அந்த ராத்திரியே மாஜிஸ்திரேட் வீட்டுக்குப் போக வேண்டும். 'எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர்.' என்பார்கள். கொண்டு போகிறவர் ஒரு பி.சி. புளியறையிலிருந்து செங்கோட்டை கூப்பிடு தூரம். வழியில் வேறு வேலை பார்த்துவிட்டு விடியற்காலையில் அவர் கொடுத்தால், 'இடைப்பட்ட நேரத்தில் கூடிப் பேசி ஜோடித்த வழக்கு' என்ற வாதம் தயாராகிவிடும். இன்னொன்று, பிரேதத்தோடு பிணவறைக்குப் போகும் காவலர். டாக்டரிடம் உடலை அடையாளம் காட்டுவதும், பரிசோதனை முடிந்து உடுப்புகளை முத்திரையோடு வாங்கி வருவதும் அவர்தான். சட்டை எண்ணிக்கையிலோ நிறத்திலோ மகஜரோடு ஒரு முரண் வந்தால் கூண்டில் ஏறிப் பதில் சொல்வதும் அவரேதான். இந்த இரண்டு வேலையும் ஏன் இத்தனை முக்கியம் என்று தெரிந்து செய்கிறவருக்கும், 'போய்க் கொடுத்துட்டு வாய்யா' என்று அனுப்பப்படுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் தீர்ப்பில் தெரியும்.

விசாரிக்கத் தெரியாத கை

இனிச் சொல்லப்போவது கசப்பான பகுதி.

1855-ல் மெட்ராஸ் மாகாணத்தில் ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்தது. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் ஜனங்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகாரை விசாரித்து, ஆமாம், அப்படித்தான் நடக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. 1859-ல் மெட்ராஸ் போலீஸ் சட்டம் பிறந்ததற்குப் பின்னால் அந்த அறிக்கை இருக்கிறது. போலீஸ்காரரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்ற விதியும் இந்த அனுபவங்களிலிருந்து விளைந்து, 1872 சாட்சியச் சட்டத்தில் உட்கார்ந்தது. ஆனால் அதே சட்டம் 27-வது பிரிவில் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தது: கைதானவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தத் தகவல் அளவுக்குச் செல்லும். புதிய சட்டத்தில் அது 23-வது பிரிவுக்குள் போயிருக்கிறது.

நம் ஊர்த் திருட்டு வழக்குகள் பெரும்பாலும் அந்த ஜன்னல் வழியாகத்தான் நீதிமன்றத்துக்குள் நுழைகின்றன. கிராம நிர்வாக அலுவலரும் தலையாரியும் சாட்சியாக நிற்க, 'தானாக முன்வந்து' கொடுத்த வாக்குமூலம், தொடர்ந்து 'எதிரி அழைத்துச் சென்று எடுத்துக் கொடுத்த' நகை. எந்த மாவட்டத்துக் கோப்பைப் பிரித்தாலும் வாசகம்கூட மாறாது. தடயம் சேகரிக்கவும், ஆட்களிடம் பொறுமையாகப் பேசி முரண்பாட்டைப் பிடிக்கவும், செல்போன் தகவலையும் கேமராவையும் அடுக்கிப் பார்க்கவும் தெரியாத ஒருவருக்குச் சட்டம் விட்டுவைத்திருக்கும் ஒரே வழி ரெகவரி. 'நாளைக்குள்ள பொருள் வந்தாகணும்' என்று மேலிருந்து போன் வந்தால் அவர் கையில் இருப்பது லத்தி.

2025 ஜூன் கடைசியில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் நடந்தது நினைவிருக்கும். காரில் வைத்த நகையைக் காணவில்லை என்று ஒரு புகார். கோயில் காவலாளியான இளைஞரைத் தனிப்படையினர் அழைத்துப் போனார்கள். மறுநாள் அவர் உயிரோடு இல்லை. உடலில் 44 காயங்கள் என்பதை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எடுத்துச் சொல்லி அதிர்ந்தது. காவலர்கள் கொலை வழக்கில் கைதானார்கள், விசாரணை சி.பி.ஐ.க்குப் போனது. அடித்தவர்களின் கொடூரத்துக்குப் பயிற்சியின்மை சமாதானம் ஆகாது. அதற்குரிய தண்டனையை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நான் கேட்பது வேறு. காரில் கைரேகை எடுத்திருந்தால் என்ன? வாகன நிறுத்தத்துக் கேமரா, சாவி கைமாறிய நேரம், புகார்தாரர் நகையைக் கடைசியாகப் பார்த்த இடம் என்று ஒரு நாள் செலவழித்து வரிசையாகக் கேட்டிருந்தால் என்ன? திருட்டு நடந்ததா என்பதையே முதலில் உறுதி செய்திருக்கலாமே. இந்தக் கேள்விகளை அடுக்கத் தெரிந்த ஒரு ஏட்டு அந்தக் கூட்டத்தில் இருந்து, அவர் பேச்சு எடுபட்டிருந்தால், அந்தப் பையன் இன்றைக்கும் கோயில் வாசலில் நின்றுகொண்டிருப்பான்.

சாத்தான்குளத்தையும் மறக்க முடியாது. 2020 ஜூனில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது, ஸ்டேஷன் கேமராவின் பதிவு தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் தன் அறிக்கையில் எழுதினார். அன்று நடந்ததைப் பயத்தை மீறிச் சொன்னவர் அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் ஏட்டு. கடைசிப் படியில் நிற்பவர்களைப் பற்றிப் பேசும்போது அவரையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்திலும் இந்த அசிங்கம் இருந்தது. அடித்தும் மிரட்டியும் வாங்கிய ஒப்புதல்களால் சிறைக்குப் போன கில்ட்ஃபோர்டு நால்வர் 1989-லும் பர்மிங்ஹாம் அறுவர் 1991-லும் நிரபராதிகளாக வெளியே வந்தார்கள். போலீஸ் மானம் கப்பலேறியது. அதன் பிறகுதான் 'பீஸ்' என்ற விசாரணை முறையை வகுத்து, அடிமட்டக் கான்ஸ்டபிள் உட்பட எல்லோருக்கும் ஒரு வாரப் பயிற்சியாகக் கொடுத்தார்கள். முன்தயாரிப்பு, அறிமுகம், குறுக்கிடாமல் முழுவதும் சொல்லவிடுவது, பிறகு கையில் உள்ள சான்றோடு ஒப்பிட்டுக் கேள்வி. அதன் நோக்கம் ஒப்புக்கொள்ள வைப்பதில்லை, தகவல் திரட்டுவது. ஒரு வாரம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆறு மாத டிப்ளமா யாரும் கேட்கவில்லை.

மெட்ராஸில் அச்சான பாடநூல்

இதெல்லாம் நமக்குப் புதிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரசாயனப் பரிசோதகர் துறை 1849-ல் மெட்ராஸில் தொடங்கியது. இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் பாட்டன் அது. கிராட்ஸ் நகரத்து மாஜிஸ்திரேட் ஹான்ஸ் கிராஸ் 1893-ல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட நூலைக் குற்றப் புலனாய்வு அறிவியலின் தொடக்கம் என்பார்கள். அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்கள் லண்டன்காரர்கள் இல்லை. மெட்ராஸ் அரசு வழக்கறிஞர்களான ஜான் ஆடமும் ஜே. காலியர் ஆடமும் இந்திய நடைமுறைக்கு ஏற்பத் தழுவி மொழிபெயர்த்து, 1906-ல் மெட்ராஸிலேயே ஏ. கிருஷ்ணமாச்சாரி வெளியிட்டார். உலகத்து ஆங்கில போலீஸ்காரர்கள் நம்மூர்ப் பதிப்பை வைத்துப் படித்திருக்கிறார்கள். சம்பவ இடத்துக்குப் போகிறவர் பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கிராஸ் ஒரு பட்டியலே தருகிறார்: காகிதம், மெழுகுவர்த்தி, அரக்கு, பிளாஸ்டர் என்று போய், குழந்தைச் சாட்சிகளிடம் பேச்சுக் கொடுக்க மிட்டாய் வரைக்கும். நூற்றிருபது வருஷம் ஆகிறது. நம் ஸ்டேஷன் ஜீப்பில் அளவுகோல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதே செங்கோட்டைக்காரரான வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டபோது, விசாரணை தொடங்கியது அவர் சட்டைப் பையில் இருந்த ஒரு கடிதத்திலிருந்து. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். வாஞ்சி வேலை பார்த்தது புனலூர்ப் பக்கத்துக் காட்டிலாகாவில். கடிதங்களையும் தொடர்புகளையும் பின்தொடர்ந்து பதினான்கு பேரை மெட்ராஸ் உயர் நீதிமன்றக் கூண்டில் ஏற்றினார்கள். நம் மனசு வாஞ்சியோடுதான் இருக்கும், அது வேறு விஷயம். வேறு சமஸ்தானத்து எல்லை, இறந்துபோன எதிரி, எழுத்துத் தடயம் மட்டும் என்ற நிலையில் ஒரு வழக்கு எப்படி நகர்ந்தது என்பதற்கு அது நல்ல பாடம். எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் நடத்தலாம்.

எல்லை தாண்டிய குப்பைக்கும் அதே கதை. 2024 டிசம்பரில் திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பகுதிகளில் மூட்டை மூட்டையாக மருத்துவக் கழிவு கிடந்தது. திருவனந்தபுரத்து மருத்துவமனைகளை மாட்டிவிட்டது குப்பைக்குள் கிடந்த நோயாளிகளின் காகிதங்கள். சுத்தமல்லி போலீஸ் வழக்குப் போட்டது, ஆட்கள் கைதானார்கள், தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கடிந்துகொண்ட பிறகு கேரளம் லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. அருவருப்பைப் பொறுத்துக்கொண்டு மூட்டையைக் கிளறிக் காகிதம் தேடுவது ஐ.பி.எஸ். வேலை இல்லை. லாரி எந்தச் சாவடி வழியாக எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்ற கேள்விக்குச் சாவடி ரிஜிஸ்தரில் ஒழுங்காக எழுதிய ஒரு வரி பதில் சொல்லும். 'தமிழ்நாடு லாரி – 1' என்று கிறுக்கியிருந்தால் சொல்லாது.

புதுச் சட்டம், பழைய ஆள்

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய்ப் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. பெயர் வாயில் நுழைகிறதோ இல்லையோ, வேலை கூடியிருக்கிறது. சோதனை, கைப்பற்றுதல் எல்லாவற்றையும் ஒலி-ஒளிப் பதிவு செய்து தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது புதிய நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவு. ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றமானால் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்கிறது 176(3). அதற்கான வசதிகளைச் செய்துகொள்ள மாநிலங்களுக்கு ஐந்து வருஷ அவகாசம். எந்த எல்லையில் நடந்தாலும் புகாரை வாங்கியாக வேண்டும். விசாரணை எதுவரை வந்திருக்கிறது என்று தொண்ணூறு நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லியாக வேண்டும்.

அமலுக்கு முன்னும் பின்னும் மாநிலம் முழுக்க வகுப்புகள் நடந்தன. பழைய 302 இப்போது 103, பழைய 420 இப்போது 318 என்று ஒப்பீட்டு அட்டவணைகள் செல்போனில் பறந்தன. எண்ணை மனப்பாடம் செய்வது சுலபம். வீடியோ எடுப்பதில்தான் சிக்கல். எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது, பொருளை எடுப்பதற்கு முன்பா பின்பா, கேமராவைப் பிடித்தபடி மகஜர் யார் எழுதுவது, பதிவில் யாராவது கெட்ட வார்த்தை பேசினால் வெட்டலாமா? வெட்டக் கூடாது, வெட்டினால் மொத்தமும் போச்சு. இதையெல்லாம் ஹாலில் இருநூறு பேரை உட்காரவைத்துத் திரையில் ஸ்லைடு ஓட்டிச் சொல்லிக் கொடுக்க முடியாது. ஒரு வெற்று அறை, ஒரு பொம்மை, பத்துப் பொருள், ஆறு காவலர், அவர்கள் எடுக்கும் வீடியோவை அங்கேயே போட்டுக் காட்டிக் குறை சொல்ல ஓர் ஆள் என்று நடத்தினால் ஒரு பகலில் ஏறும்.

அந்தக் குறை சொல்கிற ஆள் போலீஸ்காரராக இல்லாமல் இருந்தால் நல்லது என்பது என் கட்சி. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தினமும் இந்தக் கோப்புகளோடு மல்லுக்கட்டும் உதவி அரசு வழக்கறிஞர் பொருத்தமானவர். எதிர்த்தரப்பில் வாதாடுகிற வக்கீலையே கூப்பிட்டாலும் தப்பில்லை. எங்கே ஓட்டை என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

கோப்பின் ஓட்டைகளையே பாடமாக்குவதற்கு உச்ச நீதிமன்றத்தின் ஆதரவு உண்டு. குஜராத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்முறைக்குப் பின் கொல்லப்பட்ட வழக்கில், விசாரணை நீதிமன்றம் கொடுத்த தூக்குத் தண்டனையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2014 ஜனவரி 7 அன்று உச்ச நீதிமன்றமும், புலன்விசாரணையின் ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லிவிட்டு, வேறு வழியில்லாமல் விடுதலையை உறுதி செய்தது. கிஷன்பாய் வழக்கு என்பார்கள். அந்தத் தீர்ப்பின் கடைசிப் பக்கங்கள் ஒவ்வொரு எஸ்.பி. மேஜையிலும் இருக்க வேண்டியவை. விடுதலையாகும் ஒவ்வொரு வழக்கையும் மூத்த போலீஸ், அரசுத் தரப்பு அதிகாரிகள் கொண்ட நிலைக்குழு ஒன்று அலச வேண்டும். என்ன பிழை என்று கண்டுபிடித்து அந்தப் பிழைகளையே இளநிலைப் புலன்விசாரணை அதிகாரிகளுக்குப் பாடமாக்க வேண்டும். பாடத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு. ஆறு மாதக் கெடு.

காகிதத்தில் குழுக்கள் வந்தன. ஆனால் நடைமுறையில் விடுதலைத் தீர்ப்பின் நகல் போகும் பாதை என்ன? மேல்முறையீடு செய்யலாமா என்று கருத்துக் கேட்டு மேலே போகிறது. பன்னிரண்டாவது சாட்சியாகக் கூண்டில் ஏறித் திணறிய பி.சி.க்கு, தான் உறை மாற்றிப் போட்டதால் ஒரு வழக்கு விழுந்தது என்று சொல்வார் யாரும் இல்லை. அடுத்த வழக்கிலும் அவர் அதே உறையில்தான் போடுவார். தென்காசி, செங்கோட்டை நீதிமன்றங்களில் வெளியாகும் விடுதலைத் தீர்ப்புகளில் மாதம் இரண்டை எடுத்து, பெயர்களை மறைத்து, அந்தந்த ஸ்டேஷனிலேயே காலை ரோல்காலுக்குப் பிறகு முக்கால் மணி நேரம் படித்தால் போதும். திட்டுவதற்காக இல்லாமல் படிக்க வேண்டும். திட்டுவதற்காகப் படித்தால் அடுத்த மாதம் எல்லோரும் லீவில் இருப்பார்கள்.

இன்னொரு பழைய உத்தரவும் கிடப்பில் கிடக்கிறது. 2006 செப்டம்பரில் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், புலன்விசாரணைப் பணியையும் சட்டம்-ஒழுங்குப் பணியையும் பிரிக்கச் சொன்னது. பெரிய நகரங்களில் 'கிரைம்', 'லா அண்ட் ஆர்டர்' என்று தனி இன்ஸ்பெக்டர்கள் உண்டு. புளியறை மாதிரி எல்லையோர ஸ்டேஷனில் பிரிக்க ஆள் ஏது? ஒருவரே காலையில் மகஜர் எழுதி, மதியம் அமைச்சர் வண்டிக்கு வழி ஒதுக்கி, ராத்திரி சாவடியில் நிற்க வேண்டும். இப்படிப்பட்ட ஸ்டேஷனில் இரண்டு பேரையாவது 'இவர்கள் வழக்கு வேலைக்கு மட்டும்' என்று ஒதுக்கி, ஒரு வருஷத்துக்கு பந்தோபஸ்துக்கு இழுக்காமல் விட்டுப் பார்க்கலாம்.

அப்படி விடுவார்களா என்று தெரிய தென்காசி மாவட்டத்துப் போலீஸ்காரரின் காலண்டரைப் பார்த்தால் போதும். ஜூனில் குற்றாலம் சீசன் தொடங்குகிறது; பேரருவியில் தண்ணீர் கொட்டக் கொட்டக் கூட்டம், வெள்ளம் வந்தால் தடை, தடையை மீறுகிறவர்களோடு மல்லுக்கட்டு. ஆடியில் சங்கரன்கோவில் தபசு. ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாள், செப்டம்பர் 1 நெற்கட்டும்செவலில் புலித்தேவன் பிறந்த நாள். செப்டம்பர் 11 பரமக்குடி. அக்டோபர் 30 பசும்பொன். தென் மாவட்டமே அங்கே போய் நிற்க வேண்டும். இடையில் தீபாவளி. கார்த்திகை முதல் தேதியிலிருந்து ஐயப்ப பக்தர்கள் வண்டி புளியறை வழியாகத் தை வரை ஓயாது. பங்குனியில் உத்திரம், அப்புறம் ஏதாவது ஒரு தேர்தல். மிஞ்சுவது தைப்பூசத்துக்குப் பிறகு ஒரு மூன்று வாரம். மழை இருக்காது, வெற்று அறையில் பொம்மையை வைத்துப் பழக, மண்ணில் தடம் பதித்து அச்செடுக்க வசதியான பருவம். அந்த மூன்று வாரத்தில் ஐந்து நாளை எழுத்துப்பூர்வமாக ஒதுக்கி, அந்த நாட்களில் எந்த பந்தோபஸ்து மெமோவிலும் இவர்கள் பெயர் வராது என்று எஸ்.பி. கையெழுத்துப் போட வேண்டும்.